அப்பாவின் குச்சிக்கு ஒரு இங்கிலீஷ் பெயர்

இங்கிலீஷ் சொற்கள் எனக்கு மனப்பாடமானதெல்லாம் தறிக்குப் பக்கத்தில்தான். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு முன்கட்டு முழுக்கத் தறி. தரையில் தோண்டிய பள்ளத்துக்குள் அப்பாவின் கால்கள் மிதியின் மேல் இருக்கும். அவருக்கு வலப்பக்கம், பலகைமேல் சாக்கை மடித்துப் போட்டு நான் உட்காருவேன். காஞ்சிப் பட்டில் உடல் வேறு, கரை வேறு. அரக்கு உடலுக்கு மாம்பழக் கரை என்றால் இரண்டுக்கும் நீளவாக்கில் தனித்தனிப் பாவு, குறுக்கே தனித்தனி ஊடை. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் ஆளுக்கொன்று என்று ஊடை நூலைச் சுமந்துகொண்டு மூன்று நாடா ஓடும். நெய்கிறவருக்குக் கை இரண்டுதான். அதனால் வலது கரை நாடா வீட்டுப் பிள்ளையின் கைக்கு வந்துவிடும். உடல் இழையும் கரை இழையும் சந்திக்கிற இடத்தில் ஒன்றையொன்று கோத்துப் பிடிக்கவேண்டும். அதற்குத்தான் கோர்வை என்று பெயர். பிடி தளர்ந்தால் பொத்தல் விழும், இறுகினால் சுருக்கம் விழும். இரண்டையும் அப்பா பார்க்காமலே கண்டுபிடித்துவிடுவார்.

விடியற்காலை 5 மணிக்கு உட்கார்ந்தால் 8 மணிவரை. அப்புறம் குளித்து, பழையதைச் சாப்பிட்டு, பள்ளிக்கூடம் ஓடவேண்டும். படிக்க நேரம் ஏது? அதற்கு எங்கள் பாட்டி, ஆயாதான் ஒரு வழி சொன்னாள். தினமும் பத்துச் சொல்லைத் துண்டுக் காகிதத்தில் எழுதி, சோற்றுப் பருக்கையை நசுக்கி, எனக்கு நேர் எதிரே சுவரில் ஒட்டிவிடுவேன். நாடாவை விடும்போது ஒரு எழுத்து, வாங்கும்போது ஒரு எழுத்து. ஸ்பெல்லிங் எல்லாம் அப்படித்தான் எனக்குள் இறங்கியது. இன்றைக்கும் நீளமான இங்கிலீஷ் சொல்லைச் சொல்லிப் பார்க்கும்போது என் வலது கை லேசாக அசைகிறது.

ஆயா ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருப்பாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் நான் ஒரு சொல்லை இரண்டு தடவை தப்பாகச் சொன்னால், "மொதல்ல வேற மாதிரி சொன்னியேடி" என்று பிடித்துவிடுவாள்.

அது 1979ஆம் வருஷம், நான் ஏழாம் வகுப்பு. காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு அந்த வருஷத்தை நினைவில் வைக்கக் காலண்டர் தேவையில்லை. வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்துக்குள்ளிருந்து அத்திவரதர் வெளியே எழுந்தருளிய வருஷம். 40 வருஷத்துக்கு ஒரு தரம், 48 நாள் தரிசனம். ஊரெல்லாம் வெளியூர் முகம். வடநாட்டுக்காரர்கள், தோளில் கேமரா தொங்கும் வெள்ளைக்காரர்கள். பஸ் ஸ்டாண்டில் எங்களைப் போன்ற பிள்ளைகளை நிறுத்தி அவர்கள் கேட்ட ஒரே சொல் 'டெம்பிள்'. காஞ்சிபுரத்தில் பிறந்த பிள்ளைக்கு அம்மா, அப்பாவுக்கு அடுத்து வாயில் வரும் இங்கிலீஷ் சொல் அதுவாகத்தான் இருக்கும். லாட்ஜ் பலகையில் டெம்பிள், ரிக்‌ஷாவின் முதுகில் டெம்பிள், புடவைக் கடை வாசலில் 'டெம்பிள் பார்டர்'.

அதனால் இங்கிலீஷ் டீச்சர் கரும்பலகையில் அந்தச் சொல்லை எழுதியபோது வகுப்பே சேர்ந்து "கோயில்" என்று கத்தியது. டீச்சர் திரும்பி, "சரி, அது ஒரு அர்த்தம். இன்னொண்ணு?" என்றார். சத்தம் அடங்கிவிட்டது.

அந்த டீச்சரை இன்றைக்கும் நான் மதிப்பாக நினைக்கிறேன். சொல்லுக்கு ஒரு அர்த்தம் தெரிந்தால் பாதிதான் தெரிந்தது என்பார். நம் ஊர் அண்ணா, நெசவுத் தெருக்களைப் பார்த்து வளர்ந்தவர், இங்கிலீஷில் பேசினால் வெள்ளைக்காரர்களே எழுந்து நின்று கேட்பார்கள் என்பார். 'பிகாஸ்' என்ற சொல்லை ஒரே வாக்கியத்தில் அடுத்தடுத்து மூன்று முறை வைத்து அண்ணா பதில் சொன்ன கதையை எங்கள் ஊர் ஆசிரியர்கள் எல்லோரும் சொல்வார்கள். எங்கே சொன்னார், யார் கேட்டார்கள் என்பது ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும். ஆனால் 1968இல் யேல் பல்கலைக்கழகம் அவரைச் சப் (Chubb) ஃபெல்லோவாக அழைத்தது உண்மை. அந்தக் கதையைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நானும் மூன்று 'பிகாஸை' வரிசையாக நிறுத்திப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுப்பாடம் இது: டெம்பிள் என்ற சொல்லுக்கு எத்தனை அர்த்தம் உண்டோ அத்தனையும், அதே பொருள் தரும் வேறு இங்கிலீஷ் சொற்களும் எழுதி வரவேண்டும். ஒரு வாரம் தவணை.

வேறு சொற்கள் லேசாகக் கிடைத்தன. ஷ்ரைன், சாங்க்சுவரி, அப்புறம் பகோடா. கடைசிச் சொல்லைப் படித்ததும் வகுப்பில் எல்லோருக்கும் வெங்காய வாசனை வந்துவிட்டது. டீச்சரும் சிரித்துவிட்டு, கும்பினிக்காரர்கள் நம் கோபுரக் கோயில்களை அப்படித்தான் எழுதினார்கள் என்றார். மாமல்லபுரம் அவர்களுக்கு 'ஏழு பகோடா'. 1751இல் ஆற்காட்டுச் சண்டை சமயத்தில் கிளைவ் பிடித்ததாக அவர்களுடைய சரித்திரம் சொல்லும் 'கஞ்சீவரத்துப் பெரிய பகோடா' எங்கள் ஊர்க் கோயில்தான். மதராஸில் புழங்கிய பொற்காசுக்கும் இங்கிலீஷில் அதே பெயர். நாம் வராகன் என்று சொன்ன காசை அவர்கள் பகோடா என்றார்கள். கோயிலும் காசும் ஒரே சொல்லில் இருந்தது எனக்கு அப்போதே ஒரு மாதிரியாக இருந்தது. உற்சவத்தில் வரதருக்குச் சாற்றும் மகரகண்டி நகை ஒன்று கிளைவ் கொடுத்தது என்று ஊரில் சொல்வார்கள். ஆயா அதைச் சொல்லும்போது, "கோயில புடிச்சவனயே கும்புட வெச்சிட்டாரு பாரு" என்று முடிப்பாள்.

இரண்டாவது அர்த்தம் ஆயாவின் தலையிலேயே இருந்தது.

எங்கள் இங்கிலீஷ் ரீடரில் ஒரு கதை. அதில் ஒரு கிழவர் யோசித்தபடியே தன்னுடைய டெம்பிள்கள் இரண்டையும் விரலால் அழுத்திக்கொள்வார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு மனுஷனுக்கு எப்படி இரண்டு கோயில்? அதையும் எப்படி விரலால் அழுத்துவது? பக்கத்து வீட்டு அண்ணனிடம் லிஃப்கோ டிக்ஷனரி இருந்தது. அட்டை பிய்ந்து, மூலை மழுங்கி, தலையணை மாதிரி ஆகியிருந்த புத்தகம். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் முதல் தலைமுறையாக இங்கிலீஷ் படித்த வீடுகளுக்கு அதுதான் வாத்தியார். அதில் கோயிலுக்கு அடுத்தபடியாக இன்னொரு சொல் இருந்தது: நெற்றிப்பொட்டு.

நிமிர்ந்து பார்த்தால் ஆயா. இரண்டு பக்கமும் சுக்குப் பற்று காய்ந்து வெள்ளையாக வெடித்திருந்தது. மாலையானால் ஆயாவுக்குப் 'பொட்டு தெறிக்கும்'. சந்தனம் இழைக்கிற கல்லில் சுக்கை உரசி, வெதுவெதுப்பாகக் கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் தடவிக்கொள்வாள். அப்பாவுக்கும் அதே இடத்தில் ஒரு நரம்பு உண்டு. ஊடை இழையை எண்ணும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார், அப்போது அந்த நரம்பு ஒருமுறை எழும்பித் தணியும். நான் பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பவள் ஆதலால் அப்பாவின் முகத்தில் நான் அதிகம் பார்த்த இடமே அதுதான். அதற்கும் டெம்பிள் என்றுதான் பெயர் என்று தெரிந்த நாளில் நான் நாடாவை வாங்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். "எங்க பாக்குற? கரை நிக்குது" என்றார்.

ஆயாவிடம் சொன்னேன். "ஆயா, இங்கிலீஷ்ல கோயிலுக்கும் பொட்டுக்கும் ஒரே பேரு." அவள் ராட்டையை நிறுத்தவில்லை. "அதனால இன்னா? நாம விபூதி வெக்கிற எடந்தானே" என்றாள். அது நெற்றி, இது பொட்டு என்று நான் திருத்தினேன். பிற்பாடு புத்தகங்களில் பார்த்தபோது தெரிந்தது, லத்தீனில் அவை இரண்டும் வேறு வேறு சொற்களிலிருந்து வந்து இங்கிலீஷில் ஒரே உருவம் எடுத்தவை என்று. கோயிலைக் குறிக்கும் டெம்ப்ளம் என்ற சொல், ரோமானியப் பூசாரிகள் சகுனம் பார்ப்பதற்காகக் கோலால் வரைந்து எல்லை கட்டிய இடத்தைக் குறித்ததாம். பொட்டைக் குறிப்பது டெம்பொரா என்ற வேறொரு சொல். அகராதிப்படி நான் சொன்னது சரிதான். ஆனாலும் ஆயா சொன்ன காரணம்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்த வீட்டுப்பாடம் தமிழம்மாவின் காதுக்கும் எட்டியது. அவர் வகுப்புக்குள் வரும்போதே, "இங்கிலீஷ்ல மூணு சொல் கண்டுபிடிச்சுட்டு ஆடறீங்களாமே. தமிழ்ல கோயிலுக்கு எத்தனை சொல்லுன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்றார். ஆலயம் என்றாள் ஒருத்தி. அதற்குமேல் யாருக்கும் ஓடவில்லை. அன்றைக்குத்தான் நிகண்டு என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்டேன். இங்கிலீஷ்காரர்களுக்கு ரோஜெட் என்பவர் ஒரே பொருள் தரும் சொற்களைத் தொகுத்துக் கொடுத்தது 1852இல். நமக்குத் திவாகரமும் பிங்கலமும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அதைச் செய்துவிட்டன. அதுவும் பாட்டாக. திவாகரத்தில் 12 தொகுதி. தேவர் பெயர், மக்கள் பெயர், இடப் பெயர் என்று போகும். பதினோராவது தொகுதி முழுக்க ஒரே சொல்லுக்குப் பல பொருள். பின்னால் மண்டல புருடர் என்ற சமணப் பெரியவர் சூடாமணி நிகண்டு செய்தார். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதைத் தலைகீழாக ஒப்பிப்பார்களாம். இதையெல்லாம் சொல்லிவிட்டுத் தமிழம்மா, "நிகண்டு எதுக்கு? நீங்க நிகண்டுக்குள்ளதானே நடந்து வர்றீங்க. வர்ற வழியில இருக்கற கோயில் பேரையெல்லாம் முழுசா சொல்லுங்க" என்றார்.

அந்தச் சனிக்கிழமை நானும் என் சிநேகிதி ஒருத்தியும் ஊரைச் சுற்றினோம். அந்த நடையை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

எங்கள் பிள்ளையார்பாளையத்திலேயே தொடங்கியது. திருமேற்றளி. அப்பரும் சுந்தரரும் பாடிய கோயில். தினமும் அதைத் தாண்டிப் போய்க்கொண்டுதான் இருந்தேன், 'மேத்தளி' என்று ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டு. மேற்கு, தளி என்று பிரித்துப் பார்த்தது அன்றைக்குத்தான். தளி என்றாலே கோயில். பஞ்சுப்பேட்டைப் பக்கம் போனால் ஓணகாந்தன்தளி. அங்கேயும் தளி. கல்லால் கட்டினால் கற்றளி. மேற்கே வயலைப் பார்த்து நிற்கும் கைலாசநாதர் கோயில், ராஜசிம்ம பல்லவன் கட்டியது. 1,200 வருஷத்துக்கு மேல் ஆன மணற்கல். அதை ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டு 'கச்சிப்பேட்டுப் பெரிய திருக்கற்றளி' என்கிறது. மதில் உட்புறம் சுற்றிலும் 58 சின்னச் சின்னச் சன்னிதிகள், ஒரு ஆள் குனிந்து உட்காரும் அளவு. நானும் சிநேகிதியும் ஆளுக்கொரு சன்னிதிக்கு முன்னால் உட்கார்ந்து, கொண்டுபோன முறுக்கைத் தின்றபடி, இதற்குத் தனிப் பெயர் உண்டா என்று யோசித்தோம். ராஜசிம்மன் தன் பெயரை வைத்து அந்தக் கோயிலை ராஜசிம்மேச்சுரம் என்றான். ஈச்சுரம் என்றாலும் கோயில்.

கிழக்கே வந்தால் குமரக்கோட்டம். கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணம் அரங்கேற்றிய இடம். காமாட்சியம்மன் கோயிலுக்குப் பழைய பெயர் காமகோட்டம். கோட்டம் என்ற சொல்லை அதற்குமுன் நான் கேட்டது மெட்ராஸில் மூன்று வருஷம் முன்னால் திறந்த வள்ளுவர் கோட்டத்தால்தான். இதையும் தமிழம்மா விடவில்லை. தொண்டை நாட்டை 24 கோட்டமாகப் பிரித்திருந்தார்கள், அங்கே கோட்டம் என்றால் நாட்டின் ஒரு பகுதி. மணிமேகலையில் சிறைக்கோட்டம் உண்டு, அங்கே அது சிறைச்சாலை. நெஞ்சில் கோட்டம் என்றால் கோணல். ஒரே சொல்லில் கோயிலும் ஜெயிலும் கோணலும். இங்கிலீஷ் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருக்கிறது என்று வியந்துகொண்டிருந்த எனக்கு, அதைக் கேட்டதும் வீட்டுக் கிணற்றிலேயே இத்தனை ஆழம் இருந்ததா என்று ஆகிவிட்டது.

வைகுண்டப் பெருமாள் கோயில் பரமேச்சுர விண்ணகரம். பல்லவ மல்லன் நந்திவர்மன் கட்டியது. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்கில் பெருமாளுக்கு இடம். உலகளந்த பெருமாள் கோயிலுக்குள்ளேயே ஊரகம், நீரகம், காரகம். அகம் என்றால் வீடு, உள்ளே, நெஞ்சு, அப்புறம் இப்படிக் கோயிலும். கோயில் என்ற சொல்லேகூட கோவின் இல்தானே. பழைய பாட்டுகளில் அரசனுடைய அரண்மனையும் கோயில்தான். வைஷ்ணவர்கள் மொட்டையாகக் 'கோயில்' என்றால் ஸ்ரீரங்கம், 'பெருமாள் கோயில்' என்றால் எங்கள் ஊர் வரதர். இதைச் சொன்னவர் சின்னக் காஞ்சிபுரத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு கிழவி. அத்திவரதர் கூட்டத்தில் எங்களுக்குக் கிடைத்தது தரிசனம் இல்லை, அந்தக் கிழவியும் அவர் சொன்ன அந்த ஒரு சங்கதியும்தான். தரிசனத்துக்கு இன்னொரு நாள் அப்பா தோளில் தம்பியையும் கையில் என்னையும் பிடித்துக்கொண்டு விடிய விடிய நின்றார்.

திருப்பருத்திக்குன்றம் வரைக்கும் நடக்கக் காலில் தெம்பில்லை. ஆனால் அதையும் எழுதிக்கொண்டேன், ஜினகாஞ்சி. சமணர்களுடைய கோயிலுக்குப் பள்ளி என்று பெயர் உண்டு. நாங்கள் தினம் பையைத் தூக்கிக்கொண்டு போகும் பள்ளிக்கூடத்தில் இருக்கும் அதே பள்ளி. முஸ்லிம்களின் பள்ளிவாசலில் இருப்பதும் அதுவே. வீட்டுக்கு வந்து எண்ணினால் பதினொன்று வந்தது. நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் போதவில்லை.

தமிழம்மா அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல், கீழே 'நன்று' என்று எழுதித் தேதி போட்டார்.

இங்கிலீஷ் வீட்டுப்பாடத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. கிளை நூலகத்தில் மேஜைமேல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி ஒன்று இருக்கும். வெளியே எடுத்துப் போகக் கூடாது. நூலகர் எழுந்து டீ குடிக்கப் போனார். நான் புரட்டினேன். டெம்பிள் என்ற சொல்லுக்குத் தலையில் 1 என்று போட்டு ஒரு பத்தி, கோயில். 2 என்று போட்டு ஒரு வரி, பொட்டு. கீழே 3 என்று போட்டு இன்னும் ஒரு வரி இருந்தது. அதில் 'லூம்' என்ற சொல் இருந்தது. லூம் எனக்குத் தெரியும். எங்கள் தெரு முனையில் இருந்த கூட்டுறவுச் சங்கப் பலகையில் ஹேண்ட்லூம் என்று தினமும் படிப்பேன். மற்றச் சொற்களைத் தனித்தனியாகத் தேடித் தேடிச் சேர்த்தேன். தறியில் துணி சுருங்காமல் இழுத்து விரித்துப் பிடிக்கும் சாதனம்.

படித்து முடித்ததும் உட்கார முடியவில்லை. அது எங்கள் வீட்டில் இருக்கிறது.

அதற்கு எங்கள் வீட்டில் தனிப்பெயர் கிடையாது. குச்சி, அவ்வளவுதான். மூங்கிலைச் சீவி வழவழப்பாக்கிய கோல். துணியின் அகலத்தைவிட ஒரு விரல் நீளம் கூட. இரண்டு நுனியிலும் மெல்லிய ஊசி. இழைகளை நெருக்கித் தட்டும் பண்ணைச் சீப்பை அடித்து அடித்து நெய்யும்போது ஊடை இழை துணியை உள்ளே இழுக்கும். விட்டால் 48 அங்குலம் 46 ஆகிவிடும், கரை வளையும், பண்ணையின் ஓரத்தில் பாவு இழை தேய்ந்து அறும். அதனால் நெய்த துணிக்கு அடியில் இந்தக் குச்சியை வில்லாக வளைத்து, இடது கரையின் ஓரத்தில் ஒரு ஊசி, வலது கரையின் ஓரத்தில் ஒரு ஊசி என்று குத்தி விட்டுவிடுவார் அப்பா. குச்சி நிமிர்ந்துகொள்ளப் பார்க்கும், அந்த வேகத்தில் துணி தட்டையாக, தப்பட்டைத் தோல் மாதிரி இறுகி நிற்கும். நெய்ய நெய்ய ஊசியைக் கழற்றி முன்னால் தள்ளிக் குத்தவேண்டும். கழற்றின இடத்தில் கரையில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு பொத்தல் நிற்கும். அப்பா அதைக் கட்டைவிரல் நகத்தின் பின்பக்கத்தால் நீளவாக்கில் இரண்டு தடவை, அகலவாக்கில் ஒரு தடவை நீவுவார். இழைகள் நகர்ந்து மூடிக்கொள்ளும். வலது பக்க ஊசி என் பொறுப்பு. எனக்கு நகம் போதாது என்று புளியங்கொட்டையைத் தேய்த்து ஒன்று வைத்திருந்தேன். கல்யாணத்துக்கு அந்தப் புடவையைக் கட்டிய யாருக்கும் அதன் கரை நெடுக இத்தனை ஊசித் துளை மூடியிருக்கிறது என்று தெரிந்திருக்காது.

ஓடிவந்தேன். அப்பா முந்தி போட்டுக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க, "அப்பா, நம்ம குச்சி டிக்ஷனரில இருக்கு" என்றேன்.

"எந்தக் குச்சி?"

"இதோ, இந்தக் குச்சி. இங்கிலீஷ்ல அதுக்குப் பேரு டெம்பிள்."

அவர் மிதியிலிருந்து காலை எடுத்தார். நெய்யும்போது அவர் அப்படிச் செய்து நான் அதிகம் பார்த்ததில்லை. "கோயிலா?" என்றார்.

"கோயில் இல்லப்பா. கோயிலுக்கும் அதான் பேரு. பொட்டுக்கும் அதான். இதுக்கும் அதான்."

கொஞ்ச நேரம் குச்சியைப் பார்த்தார். பிறகு மெல்ல, "அப்போ வெள்ளக்காரனும் பள்ளத்துல உக்காந்து கரைய இழுத்துப் புடிச்சிருக்கான்" என்றார். அவர் குரலில் இருந்தது வியப்பு மட்டும் இல்லை. எங்கோ தூரதேசத்தில் சொந்தக்காரன் ஒருத்தன் இருப்பதைக் கேள்விப்பட்டவர் மாதிரி இருந்தது.

இந்த மூன்றாவது டெம்பிளின் பூர்வீகத்தை வளர்ந்தபிறகு தேடிப் படித்தேன். பிரெஞ்சு நெசவாளர்களிடமிருந்து இங்கிலீஷுக்கு வந்த சொல் என்கிறார்கள். லத்தீன் டெம்ப்ளத்துக்குக் கோயில் என்பதோடு, கூரையில் குறுக்கே போடும் கட்டை என்ற பொருளும் இருந்ததாம். அந்தக் கட்டைதான் தறிக்கு இறங்கியிருக்கவேண்டும். அதோடு நிற்கவில்லை. இன்றைக்குக் கம்ப்யூட்டர் தட்டுகிற பிள்ளைகள் வாய்க்கு வாய் சொல்லும் 'டெம்ப்ளேட்', இந்தத் தறிக்குச்சியின் பேரப்பிள்ளை என்றே சொல்லாராய்ச்சிக்காரர்கள் கருதுகிறார்கள். என் மகன் அந்தச் சொல்லைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மூங்கில் வாசனை வரும்.

கடைகளில் 'டெம்பிள் பார்டர்' என்று கேட்கிறார்களே, கரையிலிருந்து உடலுக்குள் பல் பல்லாகக் கோபுரம் மாதிரி ஏறும் அந்த வேலையை அப்பா ரேக்கு என்பார். தாழம்பூ மடல் மாதிரி ஏறுவதால் தாழம்பூ ரேக்கு. அந்தப் பல் ஒவ்வொன்றும் நேராக நிற்பதற்கு அடியில் குச்சி இறுக்கமாக நிற்கவேண்டும். டெம்பிள் பார்டருக்கு அடியில் டெம்பிள், அதைக் குனிந்து பார்ப்பவர் தலையில் இரண்டு டெம்பிள், ஜன்னலுக்கு வெளியே திருமேற்றளி. அந்த வாரம் முழுக்க இதையே எண்ணிக்கொண்டு நாடா விட்டேன்.

வீட்டுப்பாடத்தில் மூன்று அர்த்தமும் எழுதினேன். நோட்டு திரும்பி வந்தபோது முதல் இரண்டுக்கும் பக்கத்தில் சிவப்பு மையில் டிக். மூன்றாவதில் குறுக்கே ஒரு கோடு. ஓரத்தில் ஒரு கேள்விக்குறி. 10க்கு 8. ஆக்ஸ்ஃபோர்டில் பார்த்தேன் என்று எழுந்து சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. எழுந்து நின்றால், உங்கள் வீட்டில் தறியா, நீயும் நாடா விடுகிறாயா என்று கேட்பார்கள். காலையில் தறியில் உட்கார்ந்துவிட்டுத் தாமதமாக வரும் பிள்ளைகளை வெளியே நிற்கவைக்கும் வழக்கம் அப்போது இருந்தது. அவர்கள் தலைமயிரில் பட்டு நூல் ஒட்டியிருக்கும், அதை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். நான் தினமும் வாசல்படியில் நின்று தலையைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போவேன். அந்தப் பயத்தில் இரண்டு மார்க்கை விட்டுவிட்டேன். அந்த மார்க்கைப் பற்றி இப்போது ஒன்றுமில்லை. எழுந்து நிற்காததுதான் இன்னமும் கிடந்து உறுத்துகிறது.

ராத்திரி அப்பாவிடம் நோட்டைக் காட்டினேன். சிம்னியை ஏற்றி வைத்துக்கொண்டு பார்த்தார். அன்றைக்குக் கரண்ட் இல்லை. இங்கிலீஷ் எழுத்து அவருக்குத் தெரியாது. "இதுல எதும்மா அது?" என்று கேட்டார். கோடு போட்ட வரியைக் காட்டினேன். கோட்டுக்கு அடியில் தெரிந்த எழுத்துகள்மேல் விரலை ஓட்டினார், கட்டைவிரல் நகத்தின் பின்பக்கத்தால், ஊசித் துளையை நீவுகிற மாதிரியே.

"டீச்சர் தறி பாத்திருக்க மாட்டாங்க. அவங்களக் கொற சொல்லாத" என்றார்.

ஆயா இருட்டிலிருந்து, "நாளைக்கு அந்தக் குச்சிய எடுத்துக்கினு போய்க் காட்டுடி" என்றாள்.

"குச்சி போனா தறி நிக்கும்" என்றார் அப்பா. பிறகு என் பக்கம் திரும்பி, "ஆமா, அந்த பொஸ்தகத்துல வேற இன்னா போட்டிருக்கு? அவங்க ஊர்ல அத எத்தினி விரலுக்கு ஒருதரம் நகத்துவாங்களாம்?" என்று கேட்டார்.

அகராதியில் அது இல்லை. ஒரே வரிதான் இருந்தது. "போடலப்பா" என்றேன்.

"அதப் போடாம எப்பிடி?" என்றார். அவர் கேட்டது நிஜமான கேள்வி. சாமானின் பேரைச் சொல்லிவிட்டு அதை வைத்துக்கொள்ளும் முறையைச் சொல்லாமல் எப்படி ஒரு புத்தகம் எழுதுவார்கள் என்று அவருக்குப் புரியவில்லை.

மறுநாள் விடிகாலை. பல்பு மஞ்சளாக எரிந்தது. தெருவில் யாரோ பாவு ஆற்றுவதற்குக் கழி நடும் சத்தம். அப்பா ஊசியைக் கழற்றி, நெய்த துணியில் நாலு விரலை வைத்து அளந்து, குச்சியை முன்னால் தள்ளினார். "டெம்பிளப் புடி" என்றார். வலது ஊசியை நான் குத்தினேன். பிறகு, எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த துண்டுக் காகிதத்தில், அந்தச் சொல்லுக்கு நேரே, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து எழுதினேன்: நாலு விரலுக்கு ஒருதரம்.